பழுதுக்கு முன்கூட்டியே தொகை சொல்வது எப்படி

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் உள்ள என் பட்டறைக்கு டிவியைத் தூக்கிக்கொண்டு வருபவர், அதை மேசைமேல் இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்கு முன்பே, "எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?" என்று கேட்டுவிடுவார். அது நியாயமான கேள்வி. பழையதைச் சரிசெய்து வைத்துக்கொள்வதா, மாதத் தவணையில் புதியது வாங்குவதா என்று வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டியவர் அவர். ஆனால் அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்ததும் எனக்குத் தெரிந்ததும் ஒரே செய்திதான்: டிவி வேலை செய்யவில்லை. ஐடிஐ முடித்து, சில காலம் ஒருவரிடம் வேலை பழகிவிட்டுத் தனியாகக் கடை தொடங்கும் இளைஞர்கள் பலர், சால்டரிங் வேலையில் நன்றாகத் தேர்ந்திருந்தும் இந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்கள். குறைத்துச் சொல்லிக் கைப்பணத்தை இழக்கிறார்கள், அல்லது பயத்தில் கூட்டிச் சொல்லி வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பொருளைக் கொண்டு வருபவர்கள் படித்தாலும், கடைக்காரர் ஏன் உடனே ஒரு தொகையைச் சொல்லத் தயங்குகிறார் என்பது விளங்கும்.

ஓட்டு வீடு ஒழுகினால், உடைந்த ஓடுகளை எண்ணிப் பார்த்து இத்தனை ஓடு, இத்தனை நாள் கூலி என்று வேலைக்காரர் அங்கேயே கணக்குச் சொல்லிவிடலாம். எங்கள் தொழிலில் உடைந்தது எது என்று கண்டுபிடிப்பதே வேலையின் பெரும்பகுதி. பழுதான கண்டென்சரை (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) கழற்றிப் புதியதை வைக்கப் பத்து நிமிடம் போதும். அந்தக் கண்டென்சர்தான் காரணம் என்று உறுதி செய்வதற்குச் சில நாள் அரை மணி நேரம் ஆகும், சில நாள் இரண்டு பொழுது போகும். ஆகவே, பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று சரியாகச் சொல்ல வேண்டுமானால், வேலையில் முக்கால் பங்கை முன்னதாகவே முடித்திருக்க வேண்டும். வாசலில் வைத்துக் கேட்கப்படும் கேள்விக்கான விடை, வேலையின் முடிவுக்குப் பக்கத்தில்தான் கிடைக்கிறது.

இன்னொரு சிக்கல், ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருப்பது. ஸ்டாண்ட்பை விளக்குக்கூட எரியாத ஒரு எல்இடி டிவியை எடுத்துக்கொள்வோம். ஃபியூஸ் மட்டும் போயிருக்கலாம். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக (டிசி) மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரோ, அதை வேகமாகத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகியிருக்கலாம். மின்சாரம் வழங்கும் பவர் போர்டு நன்றாகவே இருந்து, படத்தையும் ஒலியையும் கவனிக்கும் மெயின் போர்டில் உள்ள ஒரு ஐசி (சில்லு) ஷார்ட் ஆகி ஸ்டாண்ட்பை மின்சாரத்தைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இவை எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். செலவோ சில பத்து ரூபாயிலிருந்து ஒரு போர்டின் முழு விலை வரை போகும்.

இதைவிடக் கடினமானது, ஒரு பழுதுக்குப் பின்னால் இன்னொரு பழுது ஒளிந்திருப்பது. 230 வோல்ட் மின்சாரம் ரெக்டிஃபையரைத் தாண்டி வந்து பெரிய கண்டென்சரில் ஏறக்குறைய 325 வோல்ட் டிசியாக நிற்கிறது. அந்தப் பகுதியே ஷார்ட் ஆகிக் கிடக்கும்போது, அதற்கு அடுத்துள்ள மெயின் போர்டு உயிரோடு இருக்கிறதா என்று முழுமையாகச் சோதிக்க வழியில்லை. பவர் பகுதியைச் சரிசெய்து மின்சாரம் கொடுத்த பிறகுதான் மெயின் போர்டு பேசும். மெயின் போர்டு பேசிய பிறகுதான், திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் பேக்லைட் எரிகிறதா என்று தெரியும். பேக்லைட் எரிந்த பிறகுதான் பேனலில் (படம் காட்டும் திரை) கோடு விழுகிறதா என்று கண்ணால் பார்க்க முடியும். முதல் கதவைத் திறந்தால்தான் இரண்டாம் கதவு கண்ணில் படும். இந்த நிலையில் ஒரே ஒரு தொகையைச் சொல்வது, திறக்காத கதவுகளுக்கும் சேர்த்து உறுதி கொடுப்பதாகும்.

சரி, எப்படித்தான் சொல்வது? திருகாணியைத் தொடுவதற்கு முன் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது, எப்போது நின்றது, நிற்கும்போது வீட்டில் வேறு என்னவெல்லாம் போயின, இதற்கு முன் யாராவது திறந்து பார்த்தார்களா என்ற நான்கு கேள்விகளுக்கு வரும் விடை, மல்டிமீட்டர் காட்டும் அளவுக்கு நிகரான மதிப்புடையது. நம் மாவட்டத்தில் ஊரைக் கேட்டாலே பாதி நோய் தெரியும் என்று நான் சொல்வது அனுபவத்தில் கண்டது.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் போர்டுகளில் உப்பைத் தேட வேண்டும். காற்றில் வரும் உப்புத் துகள் போர்டின்மீது படிந்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சமையல் உப்பு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து, செம்புத் தடங்கள் பச்சை பிடித்து மெதுவாக அறுந்துபோகும். இதனால் ஏற்படும் பழுது ஒரு இடத்தோடு நிற்பதில்லை. இன்று அறுந்த தடத்தை ஒட்டிக் கொடுத்தால், அடுத்த ஆனியில் பக்கத்துத் தடம் அறுந்து அதே டிவி திரும்பி வரும். எனவே கடலோரப் பொருளுக்குத் தொகை சொல்லும்போது, போர்டைக் கழுவி உலர்த்திப் பாதுகாப்புப் பூச்சு பூசும் வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தாலும் எத்தனை காலம் ஓடும் என்பதற்கு நீண்ட உத்தரவாதம் கொடுக்கக் கூடாது. ஏசியின் வெளிப்பகுதியில் உள்ள போர்டுக்கு இது இன்னும் பொருந்தும்.

குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை என்று மலையடிவாரத்திலிருந்து வரும் பொருள்களில் இடியைத் தேட வேண்டும். கோடை மழைக் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் பிற்பகலில் இடி இறங்கினால் அடுத்த நாள் காலையில் எங்கள் கடை வாசல் நிறைந்துவிடும். மின்னல் வீட்டுக்குள் மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. கேபிள் டிவி வயர், டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயர், இணையத்துக்காக இழுத்த செம்பு வயர் என்று எந்த உலோகப் பாதையிலும் அது புகும். டிஷ் வழியாகப் புகுந்த மின்னழுத்தம் செட்டாப் பாக்ஸைத் தாண்டி, எச்டிஎம்ஐ கேபிள் வழியே டிவியின் மெயின் போர்டைத் தாக்கியிருக்கும். பவர் போர்டில் ஒரு கீறல்கூட இருக்காது. இடி என்ற சொல் வாடிக்கையாளர் வாயில் வந்துவிட்டால், அன்று குறைந்த தொகை எதையும் சொல்லாதீர்கள். உயிரோடு இருப்பதுபோல் தோன்றும் ஐசியும் அடிபட்டிருந்து, பத்து நாள் கழித்துச் சாகக்கூடும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொன்று உண்டு. தென்னை மட்டை விழுந்து தெருக்கம்பியில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட்டை நெருங்கும் அளவுகூட வரலாம். பல்புகள் பளிச்சென்று எரிந்து போய், மிக்ஸி, ஃபேன், டிவி எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன என்று வாடிக்கையாளர் பதறிக்கொண்டு வருவார். கேட்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும், இந்த வகைப் பழுது பெரும்பாலும் வாசலிலேயே, அதாவது மின்சாரம் நுழையும் பகுதியிலேயே நின்றுவிடும். மிகை மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொள்ள வைத்த வேரிஸ்டர் வெடித்து, ஃபியூஸ் எரிந்து, பெரிய கண்டென்சர் வாய் பிளந்திருக்கும். மெயின் போர்டு அநேகமாகத் தப்பியிருக்கும். ஆகவே வீடு முழுவதும் போனது என்று கேட்டவுடன் அதிகத் தொகையும், ஒரே ஒரு டிவிதான் போனது என்று கேட்டவுடன் குறைந்த தொகையும் சொல்பவர், பல நேரங்களில் உண்மைக்கு நேரெதிராகச் சொல்லிவிடுகிறார்.

முன்பு யாராவது திறந்தார்களா என்ற கேள்விக்கு உண்மையான விடை எளிதில் வராது. பொருளைக் கொடுத்தவருக்கு அதைச் சொல்லக் கூச்சம் இருக்கும். திருகாணித் தலை தேய்ந்திருப்பதையும் சால்டர் பளபளப்பாக இருப்பதையும் வைத்து நீங்களே அறிந்துகொள்ளலாம். வேறொரு கை பட்ட போர்டில் முதல் பழுதோடு இரண்டாம் பழுதும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, தேடும் நேரத்தைக் கூட்டிக் கணக்கிடுங்கள். உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பில்லைப் பார்த்த பிறகே திறக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி இலவசமாகச் செய்துகொடுக்க வேண்டியதை நாம் திறந்து கெடுத்துவிட்டோம் என்ற பழி வேண்டாம்.

அடுத்தது, திறந்து பார்க்கும் முதல் கால் மணி நேரம். சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால், அறையை இருட்டாக்கித் திரைக்கு மிக அருகில் டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, பேக்லைட் பக்கம் போகலாம். ஸ்டாண்ட்பை விளக்கு சிமிட்டினால் எத்தனை முறை என்று எண்ணுங்கள். பல மாடல்களில் அந்த எண்ணிக்கை ஒரு குறியீடு. உப்பிய கண்டென்சர், கருகிய வாசனை, போர்டில் ஒட்டிச் செத்துக் கிடக்கும் பல்லி, இவற்றைக் கண்ணும் மூக்குமே காட்டிக்கொடுத்துவிடும். மின்சாரம் கொடுக்காமல் மீட்டரில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்ப்பதோடு இந்தக் கட்டம் முடிகிறது. பெரிய கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும் என்பதால், அதைப் பாதுகாப்பாக இறக்கிவிட்ட பிறகே கை வைக்க வேண்டும். இந்தக் கால் மணி நேரம் முடியும்வரை எந்தத் தொகையையும் வாயிலிருந்து விடாமல் இருக்கப் பழகினால், பிற்பாடு வரும் சண்டைகளில் பாதி வராது.

கண்டென்சர் ஒன்று உப்பியிருப்பதைக் கண்டுவிட்டால் மகிழ்ந்துபோய்ச் சின்னத் தொகையைச் சொல்லிவிடும் ஆசை வரும். சற்று நில்லுங்கள். சாதாரணமாக 105 டிகிரி செல்சியஸில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கண்டென்சர், அதைவிட ஒவ்வொரு 10 டிகிரி குறைவான வெப்பத்திலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் உழைக்கும் என்பது தொழிலில் எல்லோரும் கொள்ளும் கணக்கு. அதே போர்டில், வெப்பத்தை வெளியேற்றும் அதே ஹீட்சிங்குக்குப் பக்கத்தில், அதே வயதில் நிற்கும் மற்ற மூன்று கண்டென்சர்களும் அதே வெப்பத்தைத்தான் தின்றிருக்கின்றன. உப்பியதை மட்டும் மாற்றிக் கொடுத்தால் 50 ரூபாய் மிச்சம். வாடிக்கையாளர் மறுபடியும் ஆட்டோ பிடித்து வரும் செலவு அதைவிட அதிகம். நான்கையும் சேர்த்தே கணக்கிடுங்கள், ஏன் சேர்த்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

பழுது தெரிந்த பிறகும் உதிரிப்பாகம் ஒரு தனிக் கேள்வியாக நிற்கும். மெயின் போர்டு மாற்ற வேண்டுமானால் டிவியின் மாடல் எண் மட்டும் போதாது. போர்டில் அச்சிட்ட எண்ணும் பேனலின் எண்ணும் பொருந்த வேண்டும். பொருந்தாத மென்பொருளோடு வந்த போர்டைப் போட்டால், படம் தலைகீழாகவோ நிறம் மாறியோ தெரியும். நாகர்கோவிலில் கிடைக்காதது திருநெல்வேலியிலோ திருவனந்தபுரத்திலோ கிடைக்கலாம். அங்கும் புதியது ஒரு விலை, பேனல் உடைந்த டிவியிலிருந்து கழற்றிய பழைய போர்டு ஒரு விலை. பழைய போர்டு போடுவதில் தவறில்லை, சொல்லாமல் போடுவதுதான் தவறு. சில வாஷிங் மெஷின் போர்டுகள் முழுவதும் பிசின் ஊற்றி மூடப்பட்டிருக்கும்; அவற்றில் உள்ளே தேடுவதைவிடப் போர்டையே மாற்றும் தொகையைச் சொல்வது நல்லது. தண்ணீரில் விழுந்த ஃபோனுக்குச் சோதனைக் கட்டணத்துக்கு மேல் எதையும் முதல் நாள் சொல்லாதீர்கள்.

இப்போது தொகைக்கு வருவோம். சராசரி எடுத்துச் சொல்லலாமே என்று சிலர் நினைப்பார்கள். கணக்குக்காக, ஒரே அறிகுறியோடு வரும் பத்து டிவிகளில் ஏழு 1,000 ரூபாயில் முடிகின்றன, மூன்று 3,500 ரூபாய் வரை போகின்றன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1,750 ரூபாய். அந்தத் தொகையைப் பத்துப் பேரிடமும் சொன்னால், ஏழு பேர் வேண்டாத 750 ரூபாயைக் கொடுக்கிறார்கள். மூன்று பேரிடம் நாம் பாதிப் பணத்தை இழக்கிறோம். பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட அது உண்மையான செலவு அல்ல.

நான் சொல்லும் முறை வேறு. முதலில் சோதனைக் கட்டணம் என்று ஒன்று, எடுத்துக்காட்டாக 300 ரூபாய். பழுது நீக்கினால் அது பில்லில் கழியும், நீக்காவிட்டால் திரும்பாது. இதை வாங்கக் கூச்சப்படும் இளைஞர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: சரியாகாத டிவிக்காகச் செலவிட்ட நேரத்துக்கு யாரும் பணம் தராவிட்டால், அந்த நேரத்தின் விலை சரியான டிவிக்காரர் தலையில்தான் விழும். இரண்டாவது, படிகளாகச் சொல்வது. "பவர் போர்டோடு முடிந்தால் 900 முதல் 1,300 ரூபாய் வரை ஆகும். அதைச் சரிசெய்த பிறகு மெயின் போர்டும் போயிருப்பது தெரிந்தால் 3,500 ரூபாய் வரை போகலாம். முதல் படி முடிந்ததும் உங்களுக்கு ஃபோன் செய்வேன். நீங்கள் சரி என்று சொல்லாமல் இரண்டாம் படியைத் தொடமாட்டேன்." மூன்றாவது, நிறுத்தும் இடத்தைக் கேட்டு வாங்குவது. எந்தத் தொகைக்கு மேல் போனால் இந்த டிவி உங்களுக்கு வேண்டாம் என்று நேராகக் கேளுங்கள். பெரும்பாலோர் அதைக் கேட்ட பிறகுதான் அப்படி ஒரு எல்லை தமக்குள் இருப்பதையே உணர்வார்கள். அவர் 2,000 என்று சொன்னால், 2,000-க்குள் முடியாது என்று தெரிந்த நொடியில் வேலையை நிறுத்திவிடலாம். அவருடைய பணமும் மிஞ்சும், உங்கள் பொழுதும் மிஞ்சும்.

ஃபோனில் தொகை சொல்லவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தொழில் தொடங்கிய காலத்தில், கடலோரத்திலிருந்து ஒருவர் அழைத்து டிவியின் அறிகுறியைச் சொல்லி, "சும்மா ஒரு கணக்கு சொல்லுங்க" என்று கேட்டார். 800 ரூபாய் என்று சொன்னேன். திறந்து பார்த்தால் போர்டின் அடிப்பக்கம் முழுவதும் பச்சை பிடித்திருந்தது. 2,600 ரூபாய் ஆனது. அவர் மீன்பிடித் தொழிலாளி, 800 ரூபாயோடு பஸ் ஏறி வந்திருந்தார். நான் ஏமாற்றுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. டிவியைக் கையில் எடுத்துக்கொண்டு பேசாமல் படியிறங்கிப் போனார். நான் சும்மா சொன்ன கணக்கை அவர் வாக்காக எடுத்துக்கொண்டிருந்தார். அப்படி எடுத்துக்கொள்ள அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. அன்றிலிருந்து ஃபோனில் கேட்பவர்களுக்குச் சோதனைக் கட்டணத்தை மட்டும் சொல்கிறேன்.

பேக்லைட் வேலைக்குத் தொகையோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்இடி கீற்றுகளில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு விளக்கு அறுந்தாலே திரை முழுவதும் இருளக்கூடும். விளக்கின் விலை அற்பமானது. ஆனால் அதை அடைய, கண்ணாடித் தகடு போன்ற பேனலைத் தூக்கி வெளியே எடுக்க வேண்டும். அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய நாடாக்களில் ஒன்று மடங்கிக் கிழிந்தாலும் பேனல் போய்விடும், பேனலின் விலையோ புதிய டிவியின் விலையை நெருங்கும். 55 அங்குலப் பேனலை இருவர் இல்லாமல் தூக்கக் கூடாது. அந்த இரண்டாம் ஆளின் கூலியும் கணக்கில் வர வேண்டும். உடைந்தால் யார் பொறுப்பு என்பதைத் திறப்பதற்கு முன் பேசி, வேலைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பேனல் உடைந்தால் கூலி வாங்குவதில்லை, பேனலுக்குப் பாதிப் பணம் தருகிறேன் என்று நான் எழுதிக்கொள்கிறேன். அதற்கேற்ப என் கூலி மற்றவர்களைவிடச் சற்று அதிகம். வேறு ஏற்பாடும் செய்துகொள்ளலாம். ஆனால் பேசாமல் பேனலைத் தொடக் கூடாது.

எழுத்தில் கொடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தேதி, மாடல், சொன்ன அறிகுறி, வெளியில் தெரியும் கீறல்கள், சோதனைக் கட்டணம், படித் தொகைகள், நிறுத்தும் எல்லை ஆகியவை ஒரு சீட்டில் இருந்தால் போதும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் பழுது நீக்கும் பணிக்கு 18 விழுக்காடு வரி சேரும் என்பதை முதலிலேயே தொகைக்குள் அடக்கிச் சொல்ல வேண்டும். கடைசியில் சேர்த்தால் அது ஏமாற்றாகவே படும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் வேலையும் ஒரு சேவைதான். வாடிக்கையாளர் 1915 என்ற உதவி எண்ணையோ நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையோ நாடலாம். நேர்மையாக எழுதிய சீட்டு அங்கே இருவரையும் காக்கும். மாற்றிய பழைய பாகங்களை ஒரு உறையில் போட்டு டிவியோடு திருப்பிக் கொடுங்கள்.

இவ்வளவு செய்தும் கணிப்புத் தவறும். தவறுவதைக் குறைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு வேலைக்கும் முதலில் சொன்ன தொகை, முடிவில் ஆன தொகை, தேடுவதற்கு ஆன நேரம், பொருள் வந்த ஊர், மாதம் என்று ஐந்து கட்டங்கள் போட்டு எழுதி வையுங்கள். என் நோட்டில் மாசி, பங்குனி மாதங்களில் சொன்னதும் ஆனதும் அருகருகே நிற்கின்றன. ஐப்பசி பிறந்ததும் இரண்டும் விலகத் தொடங்குகின்றன. ஆகவே, ஐப்பசி முதல் நாளிலிருந்து மலையடிவார ஊர்களின் டிவிகளுக்கு இரண்டாம் படியின் உச்சத் தொகையை ஆயிரம் ரூபாய் உயர்த்திச் சொல்கிறேன். மார்கழி பிறந்ததும் பழைய தொகைக்கே திரும்பிவிடுகிறேன்.